ஒரே தொலைபேசியில் இருவர்: வன்னியில் ஓர் இணையவழி வகுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

2021 மே 21ஆம் திகதி, கொரோனாப் பரவலைத் தடுக்க இலங்கை முழுவதும் பயணத்தடை விதிக்கப்பட்டு இரண்டு கிழமை கழிந்திருந்தது. ஒரு காலை, சூம் வழியாக விரிவுரை நடத்திக்கொண்டிருந்தபோது, மாணவர் எவருக்கும் உரியதல்லாத ஒரு பெயர் திரையில் தெரிந்தது. அது ஏதோவொரு தொலைபேசி மொடலின் பெயர். வெளியார் இணைய வகுப்புகளுக்குள் புகுந்து குழப்பம் விளைவிப்பதாக அந்நாட்களில் அடிக்கடி கேள்விப்பட்டுக்கொண்டிருந்தோம். “யார் இது?” என்று இரண்டு தடவை கேட்டேன், பதில் வராததால் அந்த இணைப்பை அகற்றிவிட்டு விரிவுரையைத் தொடர்ந்தேன். சில நாட்களின் பின்னர், வரவு குறைந்தவர்களுக்கு வழமையாக அனுப்பும் அறிவித்தலை இரண்டு மாணவியருக்கு அனுப்பினேன். அவர்களுள் மூத்தவர் அன்று மாலையே என்னை அழைத்தார்.

“மிஸ், அந்தப் போனிலை நாங்கள் ரெண்டு பேரும்தான் இருந்தனாங்கள். தம்பியின்ரை போன், அதுதான் பேர் வேறை. நீங்கள் வெளியிலை விட்டாப்பிறகு பேந்து உள்ளுக்கை வரேலாமல் போட்டுது.”

“நான் ரெண்டு தரம் கேட்டனான் பிள்ளை, ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“மைக் வேலை செய்யாது மிஸ். ரெண்டு பேர் ஒரு போனிலை இருக்கிறம் எண்டு எழுதினால், ஒராளின்ரை வரவை வெட்டிப்போடுவீங்களோ எண்டு பயம்.”

அந்த அழைப்பு ஐந்து நிமிடங்கூட நீடிக்கவில்லை. ஆயினும், இணையவழிக் கற்பித்தலில் அதுவரை நான் செய்துவந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவற்றுட் பலவற்றைக் கைவிடவும் அதுவே தொடக்கமாயிற்று. இலங்கையின் வடக்கேயுள்ள வன்னிப் பெருநிலப்பரப்பின் மாணவர்கள் பயிலும் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் ‘சமூக ஆய்வு முறைகள்’ என்னும் பாடத்தை நான் கற்பிக்கிறேன். நிறுவனத்தின் பெயரையும் மாணவர்களின் பெயர்களையும் இங்கே தரவில்லை. எங்கள் ஊர்களில் ஒரு பெயரின் முதலெழுத்தே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

என் மாணவர்கள் மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, புதுக்குடியிருப்பு, விசுவமடு, முரசுமோட்டை, நெடுங்கேணி ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள். 2009இல் போர் முடிந்தபோது அவர்களுட் பெரும்பாலோர் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளாக இருந்தனர். போரால் இடம்பெயர்ந்தோர் வைக்கப்பட்டிருந்த செட்டிகுளத்து முகாம்களின் தறப்பாள் கொட்டகைகளில் பெருக்கல் வாய்பாடு படித்தவர்கள் அவர்களிடையே உண்டு. இடையில் அறுந்த படிப்பைத் திரும்ப எடுத்துக் கட்டுவது அவர்களுக்குப் புதிதல்ல என்பதை நான் அறிந்திருந்தும், அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆடைத் தொழிற்சாலையில் முறைமாற்று வேலை செய்துகொண்டு படிப்பவரும், மாரிகால நெற்செய்கையான காலபோகம் விளையும் மாதங்களில் யானைக் காவலுக்காக இரவில் பரணில் இருப்பவரும், கைக்குழந்தையோடு படிக்கும் தாயும் அதே வகுப்பில் இருந்தனர்.

2020 மார்ச்சில் நிறுவனங்கள் மூடப்பட்டபோது, மண்டபத்தில் நடந்த நேரசூசியை அப்படியே திரைக்கு மாற்றினேன். இரண்டு மணிநேர விரிவுரை, ஐம்பதுக்கு மேற்பட்ட படவில்லைகள், இறுதியில் “ஏதாவது கேள்வி இருக்கிறதா?” என்ற ஒரு வசனம். வெளிச்சத்துக்காக விளக்கும் ஒலிக்காகத் தனி ஒலிவாங்கியும் வாங்கினேன். என் முகம் தெளிவாகத் தெரிந்தால் மாணவர் என்னோடு நெருங்குவர் என்று மனதார நம்பினேன். அவர்களும் ஒளிப்படக் கருவியைத் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு கிழமை திறந்து வைத்தார்கள். பூச்சுப் பூசப்படாத சுவரும், பின்னால் அடுப்படிப் புகையும், குறுக்கே போகும் தகப்பனும் தெரிந்த பின்னர் சதுரங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. அந்தக் கறுப்பை நான் அக்கறையின்மை என்று வாசித்தேன். இந்நிகழ்வு ஆய்வில் நான் முதலில் பதிவு செய்ய வேண்டிய பிழை இதுவே: மௌனத்தை வரவின்மையாகவும், வரவின்மையை விருப்பமின்மையாகவும் கணக்கெழுதினேன்.

செலவையும் நான் கணக்கிட்டிருக்கவில்லை. காணொளியோடு நடக்கும் ஒரு மணிநேர வகுப்பு அரை கிகாபைற்றுக்கு மேல் தின்னும். இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாக அரச பல்கலைக்கழக மாணவர்களுக்கு 2020இல் கிடைத்த கட்டணமற்ற இணைப்பு எங்கள் மாணவர்களுக்கு எட்டவில்லை. அவர்கள் கூலிக்காசில் ரீலோட் போட்டே என் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த அழைப்புக்குப் பின்னர் இரண்டு கிழமை மாலைநேரங்களில் மாணவர் ஒவ்வொருவரையும் நானே அழைத்தேன். பாடத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தொலைபேசி யாருடையது, அது எத்தனை மணிக்குக் கைக்கு வரும், எந்த இடத்தில் நின்றால் கவரேஜ் இருக்கும் என்ற மூன்றையுமே கேட்டேன். வகுப்பு நடந்த முற்பகலில் பல வீடுகளின் தொலைபேசி வயலில், தகப்பனின் சட்டைப்பையில் இருந்தது. சிலர் குளக்கட்டில் ஏறி நின்று என் விரிவுரையைக் கேட்டிருந்தார்கள். வெயிலில் நின்று திரையைப் பார்க்க முடியாததால், நான் அரும்பாடுபட்டுச் செய்த படவில்லைகளை அவர்கள் காணவேயில்லை. அவர்கள் அந்நாட்களில் வாங்கிய பொதிகளில் நள்ளிரவுக்குப் பின்னர் மட்டும் பயன்படும் இரவுநேர டேற்றா தனியாகக் கிடைத்தது என்பதையும், பலர் பன்னிரண்டு மணிக்குப் பின் எழும்பிப் பாடப்பதிவுகளைத் தரவிறக்கினார்கள் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். கற்பித்தல் பற்றி எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளில் அமர்ந்திருக்கிறேன். அந்த இரண்டு கிழமையில் கற்ற அளவுக்கு எதிலும் கற்றதில்லை.

அந்த நாட்களில் மீண்டும் எடுத்துப் படித்த ஒரு கோட்பாடும் என்னைத் திகைக்க வைத்தது. கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரான்டி கரிசன், டெரி அன்டர்சன், வோல்ட்டர் ஆர்ச்சர் ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டளவில் முன்வைத்த சட்டகத்தின்படி, இணையவழியில் ஆழமான கற்றல் நிகழ மூன்று இருப்புகள் ஒன்றையொன்று தாங்க வேண்டும்: ஒருவரையொருவர் மனிதராக உணரச் செய்யும் சமூக இருப்பு, சேர்ந்து பொருள்தேடும் அறிகை இருப்பு, அவ்விரண்டையும் திட்டமிட்டு வழிநடத்தும் கற்பித்தல் இருப்பு. தமிழில் இதனை ‘விசாரணைச் சமூகம்’ என மொழிபெயர்க்கலாம். விசாரணை என்ற சொல் எங்கள் பகுதியில் வேறு நினைவுகளைக் கிளறும் என்பதால், வகுப்பில் நான் ‘தேடற் சமூகம்’ என்றே சொல்லிவருகிறேன். பட்டப்பின்படிப்புக் காலத்திலேயே நான் இதைப் படித்திருந்தேன். ஆனால், அவர்கள் ஆராய்ந்த வகுப்புகளில் காணொளியே இருக்கவில்லை என்பதை அப்போது கவனிக்கத் தவறிவிட்டேன். வெவ்வேறு நேரங்களில், முகம் பாராமல், எழுத்தால் மட்டும் உரையாடிய மாணவர்களிடமிருந்துதான் சமூக இருப்பு பற்றிய அந்த மூவரின் விளக்கம் வளர்த்தெடுக்கப்பட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே திரையில் முகத்தோடு வந்தால்தான் வகுப்பு ஒரு சமூகமாகும் என்ற என் நம்பிக்கைக்கு, நான் சான்றாக வைத்திருந்த ஆய்விலேயே இடமிருக்கவில்லை.

தொலைக்கல்வி அறிஞர் மைக்கேல் மூர் சொல்வதும் இதற்கு நெருக்கமானது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்க இயலாது; பாடத்தின் கட்டமைப்பு இறுகி உரையாடல் குறையக் குறைய அந்தத் தூரம் கூடும் என்பது அவர் கருத்து. ஐம்பது படவில்லைகள் முழுக்க முழுக்கக் கட்டமைப்பு. உரையாடலுக்கு நான் விட்டுவைத்தது கடைசி வசனம் மட்டுமே.

எனவே இரண்டு மணிநேர விரிவுரையை நிறுத்தினேன். அதற்குப் பதிலாகக் கிழமைக்கு மூன்று குரற்பதிவுகளை, ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேற்படாமல், வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினேன். அத்தகைய ஒரு பதிவு ஏறத்தாழ ஒரு மெகாபைற் அளவிலேயே அடங்கிவிடும். அதனோடு ஒரு பக்கக் குறிப்பும் செல்லும். கிழமைக்கு ஒரு மணிநேரம், இரவு எட்டு மணிக்கு, குரல் மட்டும் உள்ள நேரடிச் சந்திப்பு நடக்கும். வர முடிந்தவர் வரலாம், வராதவருக்கு வரவு குறையாது. பதிவுகளை மாலைக்குள் அனுப்பிவிடுவேன், நள்ளிரவில் எடுப்பவர்களுக்காக. நுட்ப அளவில் இவை சிறிய மாற்றங்கள்தாம். அவை மாணவர்களைப் பாடத்தோடு இணைத்தன, ஒருவரோடொருவர் இணைக்கவில்லை. எல்லாக் கேள்விகளும் எனக்கே வந்தன, எல்லாப் பதில்களும் என்னிடமிருந்தே போயின. சமூகம் என்று நான் எண்ணியது உண்மையில் என்னை நடுவில் வைத்துக் கட்டிய ஒரு சக்கரமாகவே இருந்தது.

அதை உடைக்க உதவியது என் சொந்த நினைவு ஒன்று. 1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து, பின்னர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1996இன் பிற்பகுதியில் மல்லாவியில், இன்னொரு பாடசாலையின் வளவில், பின்னேர நேரத்தில் மரத்தடியில் எங்கள் வகுப்பு நடந்தது. எங்கள் ரீச்சரிடம் இடாப்பு இருந்தது. ஆனால் அவர் பெயர் கூப்பிடுவதோடு நிறுத்தமாட்டார். பதில் வராத பெயருக்கு “இந்தப் பிள்ளைக்குப் பக்கத்துக் கொட்டில் ஆர்?” என்று கேட்பார். பக்கத்துக் கொட்டில் பிள்ளை எழும்பி, காய்ச்சல் என்றோ, நிவாரணக் கியூவில் நிற்கிறாள் என்றோ சொல்ல வேண்டும். பின்னேரம் போகும்போது அன்றைய பாடத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் மற்றவரின் கொப்பியைப் பார்த்து எழுதிய பிள்ளைகள் நாங்கள். இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் ஒரு தொலைபேசியில் இருவர் இருந்தபோது, அதையே அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு உறைத்தது. சமூகம் ஏற்கெனவே அங்கே இருந்தது. என் வரவேடுதான் அதைத் தவறாக எழுதியது.

அதன் பின்னர், பெயரின் அகர வரிசையில் பிரித்திருந்த குழுக்களைக் கலைத்து, வீதியையும் குளத்தையும் கொண்டு பிரித்தேன். மல்லாவி துணுக்காய்ப் பக்கம் ஒரு குழு, ஒட்டுசுட்டான் முத்தையன்கட்டு ஒரு குழு, புதுக்குடியிருப்பு விசுவமடு ஒரு குழு என்று அமைந்தது. ஒக்ரோபரில் நாடு திறந்த பின்னர் அவர்கள் வாசிகசாலையிலோ பொதுநோக்கு மண்டபத்திலோ நேரில் கூடவும் முடிந்தது. ஒவ்வொரு குழுவிலும் கிழமைக்கொருவர் முறைவைத்து, அந்தக் கிழமை சத்தமில்லாமல் இருப்பவரை அழைத்து விசாரிக்க வேண்டும். அந்தப் பொறுப்புக்கு நான் வைத்த நீளமான பெயரை எவரும் ஏற்கவில்லை. “இந்தக் கிழமை ஆற்றை முறை?” (யாருடைய முறை?) என்றே கேட்டார்கள், வாய்க்கால் தண்ணீருக்குக் கேட்பதைப் போல. ‘முறை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

தண்ணீரையே ஒப்படையாகவும் கொடுத்தேன். இவ்வொப்படையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வகுப்பு திரும்பிய இடம் இது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடு, பேராற்றின் முத்தையன்கட்டு, பாலியாற்றின் வவுனிக்குளம் ஆகிய மூன்று குளங்களின் கீழும், கோடைகால நெற்செய்கையான சிறுபோகத்துக்கு எவ்வளவு நிலம் விதைப்பது என்பது, குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துக் கூட்டம் கூடியே முடிவாகும். 36 அடி வரை தண்ணீர் கொள்ளும் இரணைமடுவிலும் சிறுபோகம் எல்லாக் காணிக்கும் கிடைப்பதில்லை. பங்கு பிரித்தே செய்வார்கள். அந்தப் பங்கு எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது, தீர்மானித்தபடி தண்ணீர் உண்மையில் வருகிறதா என்பதை ஒவ்வொரு குழுவும் தன் குளத்தின் கீழுள்ள கமக்காரர்களிடம் கேட்டு எழுத வேண்டும். எந்தக் குழுவும் மற்ற இரண்டின் குறிப்புகள் இன்றி ஒப்படையை முடிக்க முடியாதவாறு கேள்விகளை அமைத்தேன்.

முரசுமோட்டை மாணவர் ஒருவர், தண்ணீர் முறைப்படி எல்லாருக்கும் சமமாகவே விடப்படுகிறது என்று எழுதினார். அதைப் படித்த முத்தையன்கட்டு மாணவி, தன் வீடு வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பதைக் குறிப்பிட்டு, “எங்கடை பக்கம் தண்ணி வாறது ராவிலைதான். ஆம்பிளை இல்லாத வீடுகள் தண்ணி கட்ட ஆளுக்குக் கூலி குடுக்கவேணும். அப்ப அது சமமோ?” என்று குரற்பதிவில் கேட்டார். இரண்டு நாட்கள் நான் வாய்திறக்கவில்லை. அதற்குள் மூன்று குழுக்களிலிருந்தும் பதில்கள் வந்தன. யாரைக் கேட்டு எழுதினீர்கள், வாய்க்கால் தலைப்பில் இருப்பவரையா கடைசியில் இருப்பவரையா என்று அவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். மாதிரி எடுத்தலில் நேரும் பக்கச்சார்பு என்று நான் இரண்டு அரையாண்டுகளாகப் படவில்லையில் காட்டிய விடயம், நான் பெயர் சொல்லாமலே அங்கே பேசப்பட்டது. முரசுமோட்டை மாணவர் மீண்டும் சென்று, கடைவாய்க்காலில் இருந்த நால்வரைச் சந்தித்துத் தன் குறிப்பைத் திருத்தி எழுதினார்.

அந்த இரண்டு நாள் மௌனம் எனக்கு இயல்பாக வந்ததல்ல. உடன் பணியாற்றும் ஒருவரிடம் என் பழைய வகுப்புப் பதிவுகளைக் கொடுத்துக் கேட்கச் சொல்லியிருந்தேன். அவர் ஒரே ஒரு குறிப்போடு திரும்பினார்: கேள்வி கேட்டு மூச்செடுப்பதற்குள் நானே பதிலையும் சொல்லிவிடுகிறேன் என்றார். வகுப்பறை வினாக்களை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடியளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று வினாடிக்கு நீட்டினாலே மாணவரின் பதில்கள் நீளமும் ஆழமும் பெறுகின்றன என்றும் 1970களில் காட்டியிருந்தார். குளக்கட்டில் நின்று கேட்பவருக்கு மூன்று வினாடி போதாது. தொலைபேசி தகப்பனோடு வயலுக்குப் போய்த் திரும்பும் வீட்டுக்கு ஒரு பகலேனும் வேண்டும். ஆகவேதான் என் காத்திருப்பை இரண்டு நாட்கள் என வகுத்துக்கொண்டேன்.

எல்லாம் சரிவந்துவிட்டது என்ற எண்ணத்தை இப்பதிவு தரக்கூடாது. ஒரு மாணவியை நான் இழந்தேன். அதற்கு என் செயலே காரணம். தொடக்கத்தில் எவரிடமும் கேளாமல் மாணவர் அனைவரையும் ஒரே வட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தேன். அதனால் ஒவ்வொருவரின் இலக்கமும் மற்ற எல்லாருக்கும் தெரிந்தது. சில நாட்களில் அவருக்கு அறிமுகமற்ற இலக்கங்களிலிருந்து இரவில் அழைப்புகள் வரத் தொடங்கின. வீட்டார் தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டார்கள். நான் இதை அறிந்தது மாதங்கள் கழிந்த பின்னர். பயணத்தடை நீங்கியதும் அந்த வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்து இருத்திய தாயார், “குறை நினையாதேங்கோ மிஸ், எங்களுக்கு இது சரிவராது” என்றார். மாணவி கதவோரத்தில் நின்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் படிப்புக்குத் திரும்பவில்லை. இப்போது முதல் மாதம் முழுவதும், பெறுபவரின் இலக்கம் மற்றவருக்குத் தெரியாத ஒலிபரப்புப் பட்டியல் வழியாகவே பாடத்தை அனுப்புகிறேன். குழுவில் சேர்வதா, யாருடைய இலக்கத்தோடு சேர்வதா என்பதை ஒவ்வொருவரும் தாமே தீர்மானிக்கிறார்கள். இந்த ஒழுங்கு முன்னமே இருந்திருந்தால் அவர் இன்று பட்டயம் பெற்றிருப்பார். சமூகத்தைக் கட்டுவது பற்றிப் பேசும் நாம், அந்தச் சமூகத்துக்குள் யாருக்கு என்ன ஆபத்து நேரும் என்று முதலில் கேட்பதில்லை.

2022 வந்தபோது, குழுக்கள் நான் இல்லாமலே இயங்கக் கூடியவையா என்பது தெரியவந்தது. பொருளாதார நெருக்கடியால் மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. எரிபொருளுக்கு வரிசையில் நின்று பகல்கள் கழிந்தன. நேர்முக வகுப்புகள் மீண்டும் நின்றன. மின்சார சபை நாட்டை எழுத்துகளால் வலயங்களாகப் பிரித்து வெட்டு நேரங்களை அறிவித்துவந்தது. புதுக்குடியிருப்பு விசுவமடுக் குழு தன் உறுப்பினரின் வலய எழுத்துகளை எழுதி, எந்த நேரத்தில் யாருக்கு மின்சாரம் இருக்கும் என்று ஓர் அட்டவணை தயாரித்தது. மின் உள்ளவர் பதிவைத் தரவிறக்கிக் கேட்டு, முக்கியமானவற்றைக் கொப்பியில் எழுதுவார். கொப்பி சைக்கிளில் அடுத்த வீட்டுக்குப் போகும். சூரிய மின்கலம் இருந்த ஒரு வீட்டில் பக்கத்து ஊர்த் தொலைபேசிகள் வரிசையாகச் சார்ஜுக்குக் கிடந்தன. இவற்றில் எதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மே மாதத்தில், அட்டவணையைப் படமெடுத்து ஒருவர் அனுப்பியபோதுதான் அறிந்தேன். என் சொந்த வலயத்தில் அன்று மின்சாரம் இல்லாமல் நான் இரண்டு நாள் பதிவு அனுப்பாதிருந்ததால், மல்லாவிக் குழுவில் முறைக்காரராக இருந்த மாணவர் என்னையும் அழைத்து, “மிஸ், சத்தமில்லை, சுகமோ?” என்று கேட்டார்.

இப்போது என் வரவேட்டில் ஒரு புதிய நிரல் இருக்கிறது. அதன் தலைப்பு ‘யாருடன்’. ஒரு தொலைபேசியில் இருவரோ மூவரோ இருந்தால் அவர்கள் எல்லாரின் பெயரும் அங்கே பதியப்படும். எல்லாருக்கும் வரவு உண்டு. பரீட்சைக்குத் தகுதிபெற 80 வீத வரவு வேண்டும் என்ற விதியின் கீழ் நிறுவனம் இன்னமும் ஓர் இணைப்பை ஒரு மாணவராகவே எண்ணுகிறது. ஆகையால் அரையாண்டு முடிவில் நிறுவனத்தின் வரவேட்டையும் என் வரவேட்டையும் சேர்த்துச் சமர்ப்பித்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம் எழுதுகிறேன். கல்விச் சபையில் இதை இரண்டு தடவை எழுப்பினேன். அடுத்த அமர்வுக்கு, அன்று நான் அகற்றிய இணைப்பில் இருந்த இருவருள் மூத்தவர் தன் அனுபவத்தைத் தானே எழுதித் தந்திருக்கிறார். அதை அவர் சொற்களிலேயே வாசிக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.